புல்லட்டை அளந்து வைப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைப் பொழுதுபோக்குகள் குறித்து அண்மையில் தங்கள் நாளிதழில் வெளியான வாசகர் கடிதம் ஒன்றில், சிறிய அளவில் மோட்டார் சைக்கிள் மாதிரிகளைச் செய்வது வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளின் பொம்மை விளையாட்டு என்றும், அந்தப் பணத்துக்கு உருப்படியாக வேறு ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்றும் எழுதப்பட்டிருந்தது. பணத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. மாதிரியின் பாகங்கள் அடங்கி வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டி, சுங்க வரியும் அஞ்சல் செலவும் சேர்ந்து வீட்டு வாசலுக்கு வரும்போது கையைக் கடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் கற்க ஒன்றுமில்லை என்பதை, பல ஆண்டுகளாக இந்த வேலையில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை. நம் ஊர்ப் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை அளந்து பதிவு செய்து வைக்கவும் இந்த வேலை உதவும் என்பதே நான் சொல்ல வருவது.

பொம்மைக்கு மோட்டார் சைக்கிளின் சாயல் இருந்தால் போதும். அளவு மாதிரிக்கு அது போதாது. 1/12 அளவு என்று சொல்லிவிட்டால், அசல் வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் பன்னிரண்டால் வகுத்துத்தான் செய்ய வேண்டும். சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பியையே எடுத்துக்கொள்வோம். அசலில் ஏறத்தாழ 3 மி.மீ. பருமனுள்ள கம்பி, மாதிரியில் 0.25 மி.மீ. ஆக வேண்டும். அவ்வளவு குறுகலான வழியில் உருகிய பிளாஸ்டிக் ஓடி நிறைவது கடினம் என்பதால், அச்சில் வார்த்து வரும் சக்கரங்களில் கம்பிகள் பெரும்பாலும் இரு மடங்கு தடிமனாகவே இருக்கும். அதை அப்படியே பூட்டுவது, வீட்டுத் தூணுக்கு வளையம் கட்டும் 6 மி.மீ. கம்பியை அசல் வண்டியின் சக்கரத்தில் மாட்டுவதற்குச் சமம். எனவே அவற்றையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, ரிம்மிலும் (வெளி வளையம்) ஹப்பிலும் (நடுக் குடம்) ஊசி போன்ற துளைக்கருவியால் துளையிட்டு, கிட்டாரின் ஆக மெல்லிய தந்தியை ஒவ்வொன்றாகக் கோர்க்கிறோம். அந்தத் தந்தி ஏறத்தாழ 0.25 மி.மீ. பருமனில் கிடைப்பது எங்களைப் போன்றவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

கோர்க்கத் தொடங்கிய பிறகுதான் உண்மையான பாடம் ஆரம்பமாகிறது. எந்தக் கம்பி எதற்கு மேலாகச் செல்கிறது, எதன் அடியில் நுழைகிறது என்று அசல் சக்கரத்தின் முன் உட்கார்ந்து பார்க்கும்போது, அவை ஹப்பிலிருந்து நேராகப் புறப்படாமல் ஏன் சாய்ந்து ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன என்ற கேள்வி தானாக எழுகிறது. என்ஜினின் இழுவையும் பிரேக்கின் பிடியும் ஹப்பைச் சுழற்றும் திசையில் முறுக்குவதால், கம்பிகளும் அந்தத் திசையை ஒட்டிச் சாய்ந்து நின்றால்தான் வளையாமல் இழுத்துப் பிடிக்க முடியும். இதை ஒரு முறை கையால் கோர்த்துப் பார்த்த மாணவனுக்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கணக்கும் அப்படித்தான் புரிகிறது. பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ.; கொள்ளளவு 346 கன செ.மீ. இதை 1/12 அளவில் செய்தால், நீளம் பன்னிரண்டில் ஒன்றாகக் குறையும்போது கொள்ளளவு 1,728-ல் ஒன்றாகச் சுருங்கி வெறும் 0.2 கன செ.மீ. ஆகிவிடும். அதாவது, நான்கு சொட்டுத் தண்ணீரில் அந்தச் சிலிண்டர் நிரம்பிவிடும். பெயின்ட் மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. அசல் டேங்கில் 0.1 மி.மீ. தடிமனில் இருக்கும் பூச்சை மாதிரியிலும் அதே தடிமனில் பூசினால், அது அசலில் 1 மி.மீ.க்கு மேல் அப்பியது போலாகி, விளிம்புகளும் எழுத்துகளும் மூடிப்போகும். ஆகவே தின்னரில் நன்றாகக் கரைத்து, காற்று பீச்சும் சிறு துப்பாக்கியால் பனிபோலப் படியவிட வேண்டும். டேங்கின் ஓரத்தில் ஓடும் தங்கக் கோட்டை இழுக்கும் நாளில் நான் காப்பி குடிப்பதில்லை, கை நடுங்கும்.

இத்துறையின் பெரிய நிறுவனங்களே அசல் இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்துத்தான் இந்த இடத்தை எட்டியிருக்கின்றன. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம், 1970-களில் போர்ஷே 934 பந்தயக் காரின் 1/12 மாதிரியை உருவாக்கியபோது, அதற்கு அடிப்படையான போர்ஷே 911 கார் ஒன்றையே விலைக்கு வாங்கி, உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்வதற்காகப் பிரித்துப் போட்டது. இத்தாலியில் மோட்டார் சைக்கிள் மாதிரிகளுக்குப் பெயர்பெற்ற புரோட்டார் நிறுவனத்தைத் தொடங்கிய டார்குவினியோ புரோவினி, 1957-லும் 1958-லும் உலகப் பட்டம் வென்ற பந்தய வீரர். 1966-ல் மேன் தீவுப் பந்தயத்தில் நேர்ந்த விபத்தோடு அவருடைய பந்தய வாழ்க்கை முடிந்தது. அசல் வண்டிகளில் பாய்ந்த அந்த மனிதர், பிறகு 1/9 அளவு வண்டிகளை உலகுக்கு விற்றார். நம் பக்கத்திலும் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. கோவை ஜி. டி. நாயுடு இளம் வயதில் உணவு விடுதியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, முதல் வேலையாக அதைக் கழற்றி மீண்டும் பூட்டியதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லி மகிழ்கிறோம். அதே ஆர்வத்தோடு ஒரு பிள்ளை 1/12 அளவில் பூட்டினால் மட்டும் பொம்மை என்கிறோம்.

இக்கடிதத்தை நான் எழுத முக்கியக் காரணம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட், ராணுவத்தின் தேவையையொட்டி, 1955 முதல் சென்னையில் உருப்பெறத் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையில் முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். சில ஆண்டுகளில் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்ட பிறகும் அதே இரும்பு வார்ப்பு என்ஜின் நம் ஊரில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வந்தது. வலப்பக்கக் கியர், அதன் அருகே நியூட்ரலுக்குத் தள்ளும் தனிச் சிறு நெம்புகோல், கிக்கரை உதைப்பதற்கு முன் சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு, மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரின் முள்ளை நடுவில் நிறுத்தும் பழக்கம் ஆகியவை இன்றைய ஓட்டுநர்களில் பலருக்குத் தெரியாது.

அந்தப் பழைய வண்டிகள் இப்போதும் ஓடுகின்றன என்றாலும், ஆலையிலிருந்து வந்தபடியே இருப்பவை அருகி வருகின்றன. செல்ஃப் ஸ்டார்ட், அலாய் சக்கரம், டிஸ்க் பிரேக், காது கிழியும் சைலன்சர் என்று உரிமையாளர்கள் தத்தம் விருப்பத்துக்கு மாற்றுகிறார்கள். அது அவர்கள் உரிமை. சைலன்சரைத் தவிர மற்றதைக் குறை சொல்ல எனக்கு இடமில்லை. கழற்றிய பழைய பாகங்களோ காயலான் கடைக்குப் போகின்றன. பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும் பாகம் எந்தக் காலத்து வண்டியுடையது என்று அடையாளம் சொல்லும் முதிய மெக்கானிக்குகளும் குறைந்துவிட்டார்கள். கடைகளில் விற்கும் புல்லட் மாதிரிகளில் பல இன்றைய வண்டியைப் பார்த்துச் செய்யப்பட்டவை. பழைய வண்டியை அறிந்துகொள்ள அவை உதவுவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மாற்றப்படாத பழைய புல்லட் வைத்திருப்பவர்கள், அதை ஒரு விடுமுறை நாளில் அருகிலுள்ள ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் மாணவர்கள் அளந்து வரைந்துகொள்ள இடம் கொடுக்க வேண்டும். நுண்ணளவு எடுக்கும் வெர்னியர் கருவியைப் பிடிக்கவும் படம் வரையவும், பாகங்களை அளந்து பொருத்தக் கற்பிக்கும் பிட்டர் பிரிவில் எப்படியும் சொல்லித்தருகிறார்கள். இரும்புத் துண்டை அளப்பதற்குப் பதிலாக அவர்கள் ஒரு கியர்பாக்ஸ் மூடியை அளக்கட்டும். அந்த வரைபடங்களை எவரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டால், பிளாஸ்டிக் தகடு, பித்தளைக் கம்பி, முப்பரிமாண அச்சு ஆகியவற்றைக் கொண்டு இங்கேயே மாதிரியைச் செய்துவிடலாம். வெளிநாட்டுப் பெட்டிக்குச் செலவிட வேண்டியதில்லை என்பதால், அந்த வாசகரின் குறையும் தீரும்.

அளக்க முன்வருபவர்கள் ஹெட்லைட், ஸ்பீடாமீட்டர், அம்மீட்டர், இரு பக்கச் சிறு விளக்குகள் அனைத்தையும் ஒன்றாகத் தாங்கும் அந்த வார்ப்புக் கூட்டிலிருந்து தொடங்குவது நல்லது. அதன் வளைவுகள் வெர்னியருக்குப் பிடிபடாதவை. அட்டையை வளைவுக்கு ஏற்பக் கத்தரித்துப் பொருத்திப் பொருத்தி, சுமார் ஓர் அங்குல இடைவெளியில் குறுக்குவெட்டு வடிவங்களை எடுத்து, ஒவ்வோர் அட்டையிலும் வண்டியின் ஆண்டையும் முன்பின் திசையையும் மறக்காமல் குறித்துவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
திருவொற்றியூர், சென்னை.