மியூனிக் பள்ளிக்கூடம் பற்றித் தோழிக்கு

மந்தைவெளி, சென்னை

அன்புள்ள மீனாட்சிக்கு,

வசந்தா எழுதிக்கொள்வது. நலம்; நலமறிய ஆவல். உன் மகன் குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போகப்போகிறான் என்றும், பேரனின் படிப்பை நினைத்தால்தான் உனக்குத் தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். மியூனிக்கில் என் பேத்தி முதல் வகுப்பில் சேர்ந்த சமயத்தில் நான் மகள் வீட்டில் இருந்ததால், கண்ணால் பார்த்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

குழந்தைகள் எப்படியும் பழகிவிடுகிறார்கள், மீனா. பள்ளி நேரத்துக்கு ஏற்ப வீட்டை மாற்றி அமைப்பதில்தான் பெற்றோர் திண்டாடிப் போகிறார்கள். நம் ஊரில் காலையில் வேன் ஏறும் பிள்ளை மாலையில்தான் வீடு திரும்பும். பேத்தியின் பள்ளியோ காலை எட்டு மணிக்குத் தொடங்கி, சில நாள் பதினொன்றரைக்கு முன்பும் சில நாள் ஒரு மணி வாக்கிலும் முடிந்துவிடுகிறது. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். பார்வையாளர் விசாவில் 180 நாளுக்குள் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது என்பதால், நான் துணையாக இருந்ததும் டிசம்பர் தொடக்கம் வரைதான். அதற்குள் மதியப் பராமரிப்பு மையத்தில் இடம் பிடிக்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2026 ஆகஸ்டிலிருந்து, முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக, முழுநாள் பராமரிப்பைச் சட்டப்படியான உரிமையாக்குகிறார்கள். ஆனாலும் வீட்டுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்க வேண்டுமே! ஆகையால், வீடு பார்க்கும்போதே அந்த வட்டாரத்தில் பராமரிப்பு இடம் உண்டா என்று உன் மகனை விசாரிக்கச் சொல்.

மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் பள்ளி திறப்பது செப்டம்பர் நடுவில். முதல் நாளன்று ஒவ்வொரு குழந்தையும் மிட்டாயும் பென்சிலும் நிரப்பிய பெரிய காகிதக் கூம்பு ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறது. பேத்தியின் முகம் அதற்குப் பின்னால் மறைந்தே போயிற்று. சீருடை கிடையாது, வகுப்புக்குள் போட்டுக்கொள்ளத் தனிச் செருப்பு உண்டு. இடைவேளை டப்பாவில் முதலில் இட்லி வைத்தோம். பொடி சிந்துகிறது, கை கழுவ நேரமில்லை என்று அப்படியே திரும்பி வந்தது. பிறகு சப்பாத்தியில் சீஸ் தடவிச் சுருட்டி, வெள்ளரித் துண்டு நான்கு வைத்ததும் டப்பா காலியாக வரத் தொடங்கியது. நவம்பர், டிசம்பரில் விடிவதற்குள் கிளம்ப வேண்டியிருப்பதால், வண்டிக்காரர்கள் கண்ணில் படும்படி புத்தகப் பையில் ஒளி பட்டால் மின்னும் பட்டைகள் இருக்கின்றன. ஸ்வெட்டர், கோட்டு, தொப்பி, கையுறை என்று மாட்டிவிடவே கால் மணி நேரம் ஆகும். அதைக் கணக்கில் வைத்துத்தான் எழுப்ப வேண்டும்.

மொழியைப் பற்றி நீ கேட்டதற்கு வருகிறேன். தொடக்கத்தில் சில வாரங்கள் குழந்தை வகுப்பில் வாயே திறக்கவில்லை. மகள் பயந்துபோய் வீட்டிலும் ஜெர்மனிலேயே பேசலாமா என்று ஆசிரியையிடம் கேட்டாள். வேண்டாம், உங்களுக்கு நன்றாக வரும் மொழியிலேயே வீட்டில் பேசுங்கள் என்று அந்த அம்மையார் உறுதியாகச் சொன்னது எனக்கு மிகுந்த நிம்மதியைத் தந்தது. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. பள்ளி தரும் மொழியைப் பள்ளியே தந்துவிடும், தமிழைத் தர நம்மை விட்டால் அங்கே யார் இருக்கிறார்கள்? 2001இல் தொடங்கி இப்போது கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் அயலகக் குழந்தைகளுக்கென்றே பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றை இங்கே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் செய்து அனுப்பினேன். சனிக்கிழமைதோறும் காணொளியில் பாடம் நடக்கிறது. இப்போது "ழ"வை அழுத்தி அழுத்தி எழுதிக் காட்டுகிறாள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். மூன்றரை மணி வித்தியாசம் நான்கரை ஆகிவிடும் என்பதை நீயும் குறித்து வைத்துக்கொள்.

எனக்கு உள்ளூர இருக்கும் கவலை ஒன்றுதான். நான்காம் வகுப்போடு, மதிப்பெண்ணைப் பார்த்துப் பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். பத்து வயதில் அப்படித் தரம் பிரிப்பதை என் மனம் ஏற்கவில்லை. உன் பேரனுக்கு அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

அவர்கள் விமானம் ஏறச் சென்னை வரும்போது இங்கேயே தங்கட்டும். உன் மருமகளை என் மகளோடு பேச வைக்கிறேன். பள்ளிச் சேர்க்கைக்கு என்னென்ன தாள்கள் வேண்டுமென்று அவள் சொல்வாள். பயணத் தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
வசந்தா