பேராதனையைப் பற்றித் தமிழில் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகம் பற்றிச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நூல்கள் நிறைய உண்டு. தமிழில் என் கைக்குக் கிடைத்தவையோ பெரும்பாலும் நினைவு மலர்களும் அங்கொன்றும் இங்கொன்றுமான கட்டுரைகளும்தான். பழைய மாணவன் என்ற முறையில் இது எனக்குப் பெரிய மனக்குறை.

எழுத அங்கே என்ன இல்லை? 1952இல் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம் மாறிய வளாகம் அது. பேராசிரியர் கணபதிப்பிள்ளையின் தமிழ்த்துறை, பின்னாளில் பெரும் விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் மாணவராய் இருந்த காலம் என்று எவ்வளவோ சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்பின் நாட்டுக்கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' இரண்டும் அப்படி உருவானவை. ஊர்களில் வட்டமான திறந்தவெளி அரங்காகிய வட்டக்களரியில் விடிய விடிய ஆடியதைச் சில மணி நேரத்துக்குச் சுருக்குவதென்றால் லேசான வேலையா? அந்த ஒத்திகைகளில் நின்றவர்கள் வாய்திறந்தால் அதுவே தனி நூல்.

சரி, கல்விமான்களை விடுவோம். வளாகத்துச் சரசவி உயன ரயில் நிலையத்தில் பெட்டியோடு இறங்கி நின்ற முதல் காலை, ஹந்தானை மலையிலிருந்து இறங்கும் மூடுபனியில் காயாமல் கொடியிலேயே கிடந்த சாரம், பூத்துக் கொட்டிய ரொபரோசியா மரங்கள், மூத்த மாணவர்கள் புதியவர்களுக்குச் செய்யும் பகிடிவதையில் ஒடுங்கிப்போன அறைத்தோழன் இவற்றையும் யாராவது எழுத வேண்டும்.

மூத்த பழைய மாணவர்களிடம் கேட்டு, வாரம் ஒரு பக்கமாகவாவது உங்கள் பத்திரிகை வெளியிடுமா? பிறகு நூலாக்கலாம். என்னிடமுள்ள பழைய படங்களைத் தரத் தயாராக இருக்கிறேன்.

பழைய மாணவன்,
மட்டக்களப்பு