கல்லை அளந்து அடுக்கும் எந்திரம்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. மகள் நிலவடிவமைப்புப் படிப்பில் சேர்ந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ரோபோ, நிரல் என்றே பாடம் போகிறது, மண்ணையே தொட மாட்டார்கள் போல என்று வருத்தப்பட்டிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

சுவிட்சர்லாந்தில் ஓபர்கிளாட் என்ற ஊரில் சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தார் மண் சரியாமல் தடுக்கும் ஒரு தாங்கு சுவர் கட்டியிருக்கிறார்கள். 65.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். சிமென்ட் இல்லை, கல்லின் மேல் கல்தான். அடுக்கியது தானாக இயங்கும் ஓர் எக்ஸ்கவேட்டர், அதாவது மண் தோண்டும் எந்திரம்.

அது வேலை செய்யும் விதத்தைக் கேள். குவியலிலிருந்து ஒரு பாறையைப் பிடித்துத் தூக்குகிறது. அதன் மேடு பள்ளமெல்லாம் ஸ்கேன் ஆகி முப்பரிமாண வடிவமாகக் கணினியில் ஏறுகிறது. அப்புறம் கையிருப்பில் உள்ள கற்களில் எது, எந்தப் பக்கம் திரும்பினால், எங்கே ஆடாமல் உட்காரும் என்று நிரல் தேடுகிறது. சுவரின் வடிவத்தை மனிதர்கள் முன்பே தீர்மானித்துவிட்டார்கள். ஆனால் அதற்காக எந்தக் கல்லையும் செதுக்கவில்லை. உடைத்த பழைய கான்கிரீட் துண்டுகூட இதில் கல்லுக்குச் சமம். அதே எந்திரம் வாளியை மாட்டிக்கொண்டு 665 சதுர மீட்டர் பரப்பில் மண்ணையும் படிக்கட்டு போன்ற தளங்களாகச் சீரமைத்திருக்கிறது. 2023-ல் 'சயின்ஸ் ரோபாட்டிக்ஸ்' இதழில் முழு விவரமும் வந்தது.

நாம் பழகிய முறை நேர்மாறு, இல்லையா? வரைபடத்துக்கு ஏற்றபடி கல்லைச் செதுக்குவோம். பொருந்தாத கல் லாரியில் ஏறிக் குப்பைக்குப் போகும். இடத்தில் கிடப்பதை வைத்தே கட்ட வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டதுண்டு. ஒவ்வொரு பாறையையும் புரட்டிப் பார்க்க ஆளும் நேரமும் ஏது? இங்கே கணினி அந்தப் பொறுமையைத் தருகிறது. சாந்து இல்லாததால் தண்ணீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும், பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளாது. பாசியும் பூச்சியும் குடியேறவும் இடம் உண்டு.

செடி விஷயம் வேறு. வேர் எந்தப் பக்கம் போகும், பத்து மழைக்குப் பிறகு சரிவு எப்படி இருக்கும் என்பதற்கு ஸ்கேன் போதாது. அதனால் மகள் நிரல் கற்கட்டும், தடுக்காதே. விடுமுறையில் வந்தால் மழை நேரத்தில் ஒரு சரிவுக்குக் கூட்டிப்போய், தண்ணீர் எங்கே பிரிகிறது என்று நீயே காட்டு. உன்னைவிட நன்றாக யார் காட்டுவார்கள்?

அவளுடைய பாடத்திட்டத்தை எனக்கு அனுப்பச் சொல். எந்தப் பாடத்தை முதலில் எடுக்கலாம் என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
ரகு