எந்தத் தட்டு, எந்த நாள்?

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. விடைத்தாள் திருத்தி முடியட்டும் என்று தள்ளிப்போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லாரும் நலம். எனக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

பெரியவள் மூலக்கூறு நோய்ப்பரவலியலில், அதாவது ரத்தம், சிறுநீரில் இருக்கும் தடயங்களை வைத்து நோய் யாருக்கு, ஏன் வருகிறது என்று தேடும் என் துறையில், ஆராய்ச்சிப் படிப்புக்குப் போக நினைக்கிறாள், ஆனால் புள்ளியியல் என்றாலே ஒதுங்குகிறாள் என்று எழுதியிருந்தாய். ஆய்வகத்தை விரும்பி வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான். நானும் அப்படி வந்தவள்தானே.

என் ஆராய்ச்சிப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நடந்ததை உனக்குச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். நோயாளிகளின் ரத்தத்திலும் நலமாக இருப்பவர்களின் ரத்தத்திலும் டிஎன்ஏ சேதத்தை அளந்துகொண்டிருந்தேன். பல மாதிரிகளை ஒரு சோதனைத் தட்டில் வைத்து ஒன்றாக ஓட்டுவோம். இரண்டு குழுவுக்கும் அப்படியொரு வித்தியாசம்! ராத்திரி தூக்கமே வரவில்லை. மறுநாள் என் வழிகாட்டி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "எந்தத் தட்டை எந்த நாளில் ஓட்டினாய்?" என்று மட்டும் கேட்டார். நோயாளிகளின் மாதிரிகளைத் திங்கட்கிழமை ஒரு தட்டில் வைத்திருந்தேன், மற்றவர்களுடையதை வியாழக்கிழமை இன்னொன்றில். மிச்சமிருந்த ரத்தத்தை எடுத்து, இரு குழுவையும் ஒரே தட்டில் கலந்து வைத்து மறுபடி ஓட்டினேன். வித்தியாசம் காணாமல் போய்விட்டது. தட்டும் நாளும் மாறினாலே அளவும் கொஞ்சம் மாறும். நான் அளந்தது நோயை அல்ல, இரண்டு கிழமைகளை. அன்றைக்குத்தான் புள்ளியியல் புத்தகத்தை உண்மையாகவே திறந்தேன்.

இந்தத் துறையின் அழகு தெரிய அவள் ஷாங்காய் ஆய்வைப் படிக்க வேண்டும். 1986 முதல் 1989 வரை 18,244 ஆண்களிடம் சிறுநீர் வாங்கி உறையவைத்தார்கள். அப்போது அவர்களுக்கு நோய் இல்லை. பிறகு யாருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்ததோ அவர்களுடைய மாதிரியையும், வராத சிலருடையதையும் எடுத்து, பூஞ்சை நஞ்சான அஃப்லடாக்சினின் தடயத்தைத் தேடினார்கள். இரண்டும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், நஞ்சு மட்டும் இருந்தவர்களுக்கு ஆபத்து சுமார் 3 மடங்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு, இரண்டும் சேர்ந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட 60 மடங்கு! நோய்க்கு முன்பே வாங்கிய சிறுநீர் என்பதால், நோய்தான் அளவை மாற்றிவிட்டதோ என்ற சந்தேகம் பெரிதும் குறைகிறது. இதைப் பாடமெடுக்கும்போது இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

எதை அளப்பது என்பதிலும் நிதானம் வேண்டும். சிறுநீரில் கோட்டினினை, அதாவது புகையிலையின் நிகோடின் உடலில் மாறி உண்டாகும் பொருளைப் பார்த்தால் கடைசி சில நாளின் புகைதான் தெரியும். எலும்பில் படிந்த ஈயத்தில் பல ஆண்டுக் கணக்கு இருக்கும். கேள்வி நேற்றைப் பற்றியதா, இருபது வருஷத்தைப் பற்றியதா என்று தீர்மானிக்காமல் குழாயை எடுக்கவே கூடாது.

சேர நினைக்கும் இடத்தில் மாணவர்களைக் களத்துக்கும் அனுப்புகிறார்களா என்று அவளை விசாரிக்கச் சொல். கேள்வித்தாளோடு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காராதவர்களுக்கு, 'தினமும் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்' என்பதற்குப் பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று புரியாது.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை அவளையே என்னிடம் பேசச் சொல். என் பழைய தட்டுக் குறிப்பேட்டை எடுத்து வைத்திருக்கிறேன், காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் கலா