வாவிக்கரை வளவு வீடு: செயலாளரின் 2024ஆம் ஆண்டறிக்கை

தலைவர், நிர்வாக சபையினர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டக் குறிப்புகள் ஏற்கெனவே உங்கள் கையில் உள்ளன. கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். இவ்வறிக்கை பெரிய வீட்டு வேலையைப் பற்றியது மட்டுமே.

இது பெரும் வயற்காரரான போடியார் குடும்பமொன்றின் வளவு, அதாவது வீடும் சுற்றியுள்ள காணியும். தாய்வழி வழமைப்படி பெரிய வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். பெற்றோர் அதே வளவுக்குள் சிறுவீடு கட்டி ஒதுங்குவர். நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டிய நாற்சார் வீடான பெரிய வீட்டைச் சுற்றிச் சிறுவீடுகளும் நெல் சேமிக்கும் பட்டறையும் கிணறும் எழுந்தது இப்படித்தான். இன்று வளவு பங்காகப் பிரிந்து, குறுக்கே வேலிகள். முற்றத்து மழைநீர் வாவிக்குப் போகும் வாய்க்கால் இன்னொருவர் பங்கில் கிடக்கிறது, அடைத்தால் எடுப்பாரில்லை.

பெருந்தொல்லை சுவர்தான். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி, மேற்பூச்சு வழியே உலர்த்தும். கோடையில் வாவி உவர்க்க, உப்பும் ஈரத்தோடு ஏறும். முன்பொருமுறை யாரோ மூன்றடி உயரத்துக்குச் சீமெந்து பூசிவிட்டார்கள். வெளியேற வழியற்ற ஈரம் அதற்கும் மேலே ஏறி உப்புப் பூக்க, செங்கல் மாவாக உதிர்ந்தது.

சீமெந்தைச் சிற்றுளியால் கொத்தி எடுத்தோம். உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்ட வேண்டும். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். புதிய பூச்சுக்கு, மூன்று மாதம் நீரில் ஊறிய சுண்ணாம்புக் களி ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு. வாவிக்கரை மணல் கூடவே கூடாது. ஒரு பூச்சு 10 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது.

ஆடியில் பூசியது எங்கள் பிழை. வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் இரண்டே நாளில் ஈரத்தை இழுத்துவிட, முதற்பூச்சு ஆமை ஓட்டுக் கோடுகள் போல வெடித்தது. புரட்டாதியில் மறுபடி பூசி, ஏழு நாள் ஈரச்சாக்கு தொங்கவிட்டோம். நவம்பர் கடைசி வார வெள்ளத்தில் அடிச்சுவர் நனைந்தும் பூச்சு கழலவில்லை.

கூரையில், 1978 நவம்பர் 23 சூறாவளி தூக்கிய வாவிப்பக்கத்து அரைவட்டப் பீலி ஓடுகளுக்குப் பதிலாக அஸ்பெஸ்டஸ் தகடுதான் இன்னும் கிடக்கிறது, பார்க்கவும் அழகில்லை. இரு கூரைகள் கூடும் மூலையில் மழைநீர் ஓடும் தகரப் பீலியில் வேப்பஞ்சருகு அடைந்து, நீர் கூரையைத் தாங்கும் கைமரங்களின் முனைகளில் ஊறி, கறையான் ஏறியிருந்தது. மூன்று கைமரங்களை மாற்றினோம். முதிரை மரத் தூண்களுக்குச் சேதம் ஒன்றுமில்லை. மாரி தொடங்குமுன், ஒக்டோபரில், பீலியைத் துப்புரவாக்க முறை போட்டுள்ளோம்.

வாய்க்கால் வேலைக்குப் பங்குக்காரர் எல்லோரும் ஒப்பமிட வேண்டும். ஒருவர் இன்னும் இடவில்லை.

அடுத்த பூச்சுக்கான சுண்ணாம்பு கிணற்றடிக் குழியில் ஊறுகிறது. மேலே எப்போதும் ஒரு சாண் நீர் நிற்கட்டும். பங்குனிக்கு முன் யாரும் திறக்க வேண்டாம்.

செயலாளர்