சர்க்கரை உள்ளவர்களுக்குப் பொரியல் எவ்வளவு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சர்க்கரை இருந்தால் கேரட், பீட்ரூட் பக்கமே போகக்கூடாது என்ற பேச்சு ஓய்ந்தபாடில்லை. 100 கிராம் கேரட்டில் மாவுச்சத்து 10 கிராமுக்குள்தான். அதே அளவு சோற்றில் சுமார் 28 கிராம். உருளை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி வேறு கதை. அவற்றைச் சோற்றுக் கணக்கில்தான் எழுத வேண்டும். ஒரு கப் உருளைக்கிழங்குப் பொரியல் வைத்தால் அரை கப் சோற்றை எடுத்துவிடுங்கள்.

நம் வீடுகளில் குறை இருப்பது காயின் அளவில்தான். கால் கிலோ பீன்ஸ் வாங்கி நாலு பேருக்குப் பொரியல் செய்தால் ஆளுக்கு 60 கிராம்கூடத் தேறாது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, 2,000 கலோரி உணவில் காய்கறியும் கீரையுமாக நாளுக்கு 400 கிராம் என்கிறது. அதில் பாதியாவது மதியம் உள்ளே போக வேண்டும். சாம்பாரில் கிடக்கும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டை வைத்துக் கணக்கை நேர் செய்ய முடியாது.

அடுத்தது, எதை முதலில் சாப்பிடுவது என்பது. அவரை, புடலை, கோவை, வாழைத்தண்டு எதுவானாலும் முதலில் பொரியலை முடித்து, பிறகு பருப்போ முட்டையோ, கடைசியில் சோறு. நார்ச்சத்து முன்னால் போய்விட்டால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். நம்பிக்கை வராவிட்டால் ஒரே சாப்பாட்டை ஒருநாள் வழக்கப்படியும் மறுநாள் இந்த வரிசையிலும் சாப்பிட்டு, முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். பொதுவாக 180-க்குக் கீழே இருப்பது நல்லது.

எண்ணெயில் பொரித்த வாழைக்காயைக் காய் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. ஜூஸும் அப்படித்தான், வடிகட்டினால் நார் சக்கையோடு போய்விடும். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடித்தாலும், சோற்றைத் திடீரென்று பாதியாக்கினாலும் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம் வரலாம். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே குடித்து, கால் மணி நேரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவர் வேலை.

சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் பொட்டாசியம் கூடியவர்களுக்கு 400 கிராம் கணக்கு பொருந்தாது. அவர்கள் காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். எந்தக் காய், எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் உணவியல் ஆலோசகர், திருச்சி