சீட்டு ஒதுக்கும் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாக் கட்சித் தலைவர்களுக்கும், வேட்பாளர் நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. என் சித்தி இருந்தார். அவர் கதையைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பழைய கதை.

1966 ஜனவரி 11-ஆம் தேதி தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரி இறந்தார். அடுத்த பிரதமரைத் தேடும் வேலை காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரிடம் வந்தது. நீங்களே வாருங்கள் என்று அவரைக் கேட்டவர்களும் உண்டு. இந்தியும் ஆங்கிலமும் சரளமாக வராமல் எப்படி என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். மொரார்ஜி தேசாய் விட்டுக்கொடுக்க மறுத்தார். காங்கிரஸ் எம்.பி.க்களிடையே ஓட்டெடுப்பு நடந்தது. இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜிக்கு 169.

ஏன் இந்திரா? பிடிவாதக்காரரான மொரார்ஜி வேண்டாம் என்பது ஒரு காரணம். நேருவின் மகள் என்ற பெயர் தேர்தலுக்கு உதவும் என்பது இன்னொன்று. மூன்றாவது காரணத்தை யாரும் மேடையில் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் புரிந்துகொண்டார்கள்: இந்த அம்மா நாம் சொன்னபடி கேட்பார். சிண்டிகேட் என்று பத்திரிகைகள் பெயர் வைத்த மூத்த தலைவர்களின் கணக்கு இதுதான். முதல் மாதங்களில் அந்தக் கணக்கு சரி என்றே தோன்றியது. நாடாளுமன்றத்தில் அவர் தடுமாறினார். ராம் மனோகர் லோகியா அவரை ‘ஊமைப் பொம்மை’ என்று கேலி செய்தார்.

பொம்மை என்றவர்கள் அவருடைய முந்தைய வருடங்களைப் பார்க்கவே இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. 1959-லேயே கட்சித் தலைவராக இருந்தவர். 1964-இல் சாஸ்திரி அமைச்சரவையில் தகவல் ஒலிபரப்புத் துறை. 1965 மொழிப் போராட்டத்தில் தமிழ்நாடு எரிந்துகொண்டிருந்தபோது டெல்லியிலிருந்து விமானம் ஏறி சென்னைக்கு வந்தார். அது அவருடைய துறையே அல்ல. அப்படி வருகிற ஆளா சொன்னபடி கேட்கப் போகிறார்?

பிறகு நடந்தது வரிசையாக உங்களுக்கே தெரியும். 1966 ஜூனில் ரூபாய் மதிப்புக் குறைப்பு, டாலருக்கு 4.76-லிருந்து 7.50 ஆனது. கட்சிக்குள்ளேயே கடும் கோபம். 1967 தேர்தல் பிரசாரத்தில் புவனேசுவரத்தில் யாரோ வீசிய கல் அவர் மூக்கை உடைத்தது. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் மயிரிழையில் தப்பிக்க, அவரைக் கொண்டுவந்த பெரியவர்களில் பலர் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார்கள். காமராஜர் விருதுநகரில், எஸ்.கே. பாட்டீல் பம்பாயில், அதுல்ய கோஷ் பாங்குராவில். 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமை. ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சி நிறுத்திய சஞ்சீவ ரெட்டி தோற்று, இந்திரா ஆதரித்த வி.வி. கிரி வென்றார். நவம்பர் 12-ஆம் தேதி இந்திராவைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள், கட்சி இரண்டானது. 1971-இல் அவர் பக்கம் 352 இடங்களோடு திரும்பி வந்தது.

இதைப் புகழ்மாலையாகச் சொல்லவில்லை. இதே கதையின் மறுபாதி 1975 ஜூன் 25-ஆம் தேதி இரவு ஆரம்பித்த நெருக்கடி நிலை. 21 மாதம் நீடித்தது. அவரைப் பிரதமராக்கிய காமராஜர் அந்தக் காலத்திலேயே, அக்டோபர் 2 அன்று, கண்ணை மூடினார். இன்னொன்றும் உண்டு: 1972-க்குப் பிறகு 20 வருடம் காங்கிரசில் உட்கட்சித் தேர்தலே நடக்கவில்லை. கீழேயிருந்து ஆள் வரும் வழி அடைபட்டது. மேலே இருப்பவர் கை காட்டுகிறவர் மட்டுமே வர முடியும் என்றானது. தானும் மேலேயிருந்து கை காட்டப்பட்டு வந்தவர் என்பதால், கட்சி என்றால் இப்படித்தான் என்று அவர் நினைத்திருக்கலாம். இது என் ஊகம்.

நெருக்கடி நிலையைப் பற்றிப் பேசும்போது ‘பொம்பளை கையில் அதிகாரம் போனால் இப்படித்தான்’ என்று இன்றும் டீக்கடையில் கேட்கிறேன். உலகத்தில் எத்தனையோ சர்வாதிகாரிகள் ஆண்கள். அவர்களைக் காட்டி ‘ஆம்பளை கையில் போனால்’ என்று யாரும் சொன்னதில்லை.

சரி, இப்போது சித்தி கதைக்கு வருகிறேன். எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது 2006-லும் 2011-லும் அவர் தலைவராக ஜெயித்தார். முதல் வருடம் கையெழுத்துப் போட மட்டும்தான் கூப்பிட்டார்கள். மூன்றாம் வருடம் மேல்நிலைத் தொட்டி ஒப்பந்தக்காரரை நடுத்தெருவில் நிறுத்திக் கணக்குக் கேட்டார். 10 வருடம் முடிந்ததும் சுழற்சியில் ஒதுக்கீடு வேறு ஊராட்சிக்குப் போனது. ‘இப்போ பொது, ஆம்பளைங்களுக்கு விட்டுடுங்கம்மா’ என்றார்கள். பொது என்றால் ஆண்களுக்கு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அப்புறம் சட்டமன்றத்துக்கு விருப்ப மனு கொடுத்தார். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை, எல்லா இடத்திலும் இதுதான் நடந்திருக்கும். நான்தான் துணைக்குப் போனேன். உள்ளே 4 நிமிடம். வெளியே வந்து சிரித்தார். “ரெண்டே கேள்விதான்டா. வீட்டுக்காரர் என்ன பண்றார், எவ்வளவு செலவு பண்ணுவீங்க.” தண்ணீர்த் தொட்டி பற்றி யாரும் கேட்கவில்லை.

1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்குக் கொடுத்தன. தமிழ்நாட்டில் அது இன்று பாதி. அதாவது நிர்வாகம் பழகிய பெண்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். ஆனால் 2021-இல் தமிழகச் சட்டமன்றத்துக்குப் போனவர்கள் 234-இல் 12 பேர். 2024 மக்களவையில் 543-க்கு 74. ‘தகுதியான பெண்கள் கிடைப்பதில்லை’ என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரியவே இல்லை. திரௌபதி முர்மு 1997-இல் ஒடிசாவின் ராய்ரங்பூரில் கவுன்சிலராக ஆரம்பித்தவர். 2022-இல் குடியரசுத் தலைவர். ஒரே ஒரு உதாரணம், அதுவும் கட்சி அதிகாரம் இல்லாத பதவி என்பீர்கள். உண்மைதான். அந்த ஏணி ஒருவரோடு நின்றுபோனது ஏன் என்றுதானே நானும் கேட்கிறேன்?

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் மகளிர் மசோதா 1996-இல் முதன்முதலில் வந்தது. 2010-இல் மாநிலங்களவையில் நிறைவேறி அங்கேயே கிடந்தது. 2023 செப்டம்பரில் மக்களவையில் 454 பேர் ஆதரிக்க, 2 பேர் எதிர்க்க நிறைவேறியது. அப்படி நிறைவேற்றும்போதே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு என்றும் எழுதி வைத்தீர்கள். உங்கள் கட்சிப் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க எந்தக் கணக்கெடுப்பும் தேவையில்லை. போன 3 தேர்தலிலும் டெபாசிட் போன தொகுதியைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு அதை அந்தப் பங்கில் சேர்க்கவும் கூடாது.

அதைவிட முக்கியம் மாவட்டச் செயலாளர் பதவி. சீட்டு யாருக்கு என்பது முக்கால்வாசி அங்கேதான் முடிவாகிறது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். மகளிர் அணியில் எத்தனை பேர் என்று மாநாட்டில் பெருமையாகச் சொல்கிறீர்கள். பெண் மாவட்டச் செயலாளர்கள் எத்தனை பேர் என்று அடுத்த மாநாட்டில் அதே மைக்கில் சொல்லுங்கள்.

அடுத்த நேர்காணலுக்கு என் சித்தி மாதிரி ஒருவர் வருவார். கணவரோ தம்பியோ கூடவே உள்ளே வந்து பதில் சொல்ல ஆரம்பிப்பார். அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். அப்புறம் தொட்டியைப் பற்றிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
விருப்ப மனுக் கட்டணம் திரும்பக் கிடைக்காத ஒருவரின் அக்கா மகன்